மிதுனாவுக்குப் பேன் வந்திருக்கிறது

தலை கனமாகத்தான் இருக்கிறது, அப்படியென்றால் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். பதினாறு வருஷமாக இந்தத் தலையை மடியில் வாங்கிக்கொண்டிருக்கிற எனக்கு அதன் எடை தெரியாதா, காய்ச்சலில் கிடந்தால் ஒரு கனம், அழுது முடித்துச் சாய்ந்தால் ஒரு கனம், சும்மா சோம்பலில் சாய்ந்தால் ஒரு கனம், இது சோம்பல் கனம்தான், சோம்பல் கனமாகவே இருக்கட்டும் சாமி. கீழே சாக்கை விரித்து அவளை உட்காரவைத்து, நான் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, அவள் தோளில் வெள்ளைத் துண்டைப் போர்த்திச் சடையை அவிழ்க்கிறேன். முகம் தெரியாது. உச்சந்தலையும் காதும்தான் தெரியும். அதுவும் நல்லதுதான், முகத்தைப் பார்த்தால் கேட்க வந்ததைக் கேட்டுவிடுவேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, பரீட்சை வைத்து மாவட்டம் முழுக்க இருந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகள், எல்லாரும் இங்கேயே தங்கிப் படிக்கிறார்கள், ஆனாலும் கவர்மெண்டு கட்டிக்கொடுத்த சைக்கிள் ஷெட் ஒன்று நீளமாக இருக்கிறது, மாதத்தில் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அது அம்மாக்களின் இடம். அப்பாக்கள் கேட்டுப் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மடிமேல் மடியாகத் தலைகள், தேங்காயெண்ணெய் வாசம், பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிற வாசம், யாரோ ஒரு அம்மா "எந்திரிச்சு ஓடாதடி, இன்னும் பாதி இருக்குது" என்று அதட்டுகிற சத்தம். நான் மட்டும் சத்தமில்லாமல் சிக்கெடுக்கிறேன். என்னோடு ஊருக்கு வருகிறாயா, இல்லை இங்கேயே இருக்கிறாயா, இதுதான் கேள்வி. நாளைக்குள் கூட்டிவந்தால் பழைய பள்ளிக்கூடத்திலேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ஊர் ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார், அதற்கப்புறம் சேர்க்கைப் பட்டியல் மேல் ஆபீசுக்குப் போய்விடுமாம். ஒரு மணிக்குள் தெரிந்தாக வேண்டும். மணி பத்தரை.

சிக்கெடுத்து முடித்துப் பேன் சீப்பை வைத்து ஒரே இழுப்பு, காதோரத்திலிருந்து நுனி வரைக்கும், துண்டில் பொத்தென்று ஒன்று விழுந்தது. நல்ல கறுத்த பேன், கொழுத்தது, விழுந்த வேகத்தில் ஓடப் பார்க்கிறது. கட்டைவிரல் நகத்தில் வைத்து டக். அடுத்த இழுப்பில் ரெண்டு. காதுக்குப் பின்னால் ஈரு வரிசை வரிசையாக, ரவை தூவிவிட்ட மாதிரி. எந்த அம்மாவும் இதற்குச் சந்தோஷப்பட மாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா எட்டிப் பார்த்து "அய்யோ, இவ்வளவா" என்று தள்ளி உட்கார்ந்தாள், எனக்கு என்னவோ நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு சட்டென்று இளகியது. போன மாதம் வந்தபோது இந்தத் தலையில் ஒன்றுகூட இல்லை. அத்தனை சுத்தம். அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேன், பாரு, என் பிள்ளை தானே தலையை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று. மண்டு. தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து, தனியாகத் தின்று, தனியாகப் படுக்கிற பிள்ளைக்குப் பேன் எங்கிருந்து வரும், பேன் பறந்தா வரும். தலையோடு தலை ஒட்ட வேண்டும், ஒரே தலையணையில் படுக்க வேண்டும், ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் குனிந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் யாருடைய தலையோ என் மிதுனாவின் தலையோடு ஒட்டியிருக்கிறது. யார் என்று கேட்கலாமா. வேண்டாம், அவசரப்படாதே கோகிலா, பெஞ்சில் இருந்தும் வரும், பஸ்ஸில் இருந்தும் வரும், ஆஸ்டல் சீப்பை யாராவது கேட்காமல் எடுத்தாலும் வரும், நீ பாட்டுக்கு நாலு பேனைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று கோட்டை கட்டாதே. ஒரு தடவை அப்படிக் கட்டித்தான் ஊரே சிரித்தது.

ஊர் சிரிக்கவில்லை, ஊருக்கு இன்னும் தெரியாது, நான்தான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன், சிரிப்பா அது. வார்டன் மேடம் போன் செய்தபோது நான் கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். "மிதுனா அம்மாவா? உங்க பொண்ணு வந்து நாப்பது நாள் ஆகுது, இதுவரைக்கும் ஒரு சந்தேகம்கூட எழுதலங்க, என்னன்னு கொஞ்சம் பேசிப் பாருங்க" என்றார். எனக்குக் காதெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஒரு சந்தேகம்கூட இல்லை. மாவட்டத்துக்கே பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கு நடுவில் என் பிள்ளைக்கு ஒரு சந்தேகம்கூட இல்லை. "சரிங்க மேடம், ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன், அவர் என்ன நினைத்திருப்பாரோ. அன்று மத்தியானமே பண்ணையில் பதினோரு பேருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அண்ணனிடம், "எம்புள்ளைக்கு சந்தேகமே வர்றதில்லீங்களாம், மேடமே கூப்பிட்டுச் சொல்றாங்க" என்றேன். லாரியில் நாக்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த மிதுனாவின் அப்பாவிடம் போனில் சொன்னேன், அவர் டீக்கடையில் நிறுத்தி மற்ற டிரைவர்களிடம் சொன்னாராம். அது புகார் என்று எனக்கு எப்படித் தெரியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் சந்தேகம் என்றால் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். எட்டாவதில் நான் ஒரே ஒரு தடவை எழுந்து, சார், பூமி சுத்துதுன்னா நம்ம ஏரித்தண்ணி ஏன் தளும்பறதில்ல என்று கேட்டேன், கவனிக்கிறவளுக்கு இப்படியெல்லாம் தோணாது என்று சொல்லிவிட்டு சார் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், பெல் அடிக்கிற வரைக்கும் நின்றேன். ஏன் தளும்பவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. அன்றையிலிருந்து எதற்கும் தலையாட்டுவது என்று வைத்துக்கொண்டேன், பிழைத்துக்கொண்டேன், பத்தாவது பாஸ். அந்த வித்தையைத்தான் இவளுக்கும் கொடுத்தேன். புரியாட்டியும் தலையாட்டு கண்ணு, வீட்டுக்கு வந்து மெதுவாப் பாத்துக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்து, ஜடைபோடும்போது சொல்லி, சோறு ஊட்டும்போது சொல்லி. இப்போது பார், வீடு எங்கே இருக்கிறது மெதுவாகப் பார்த்துக்கொள்ள.

"வலிக்குதும்மா." சீப்பு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. "இரு, இரு." எண்ணெய் தொட்டு விரலால் பிரிக்கிறேன். வலிக்குது என்று சொல்கிறாளே, அதுகூட நல்லதுதான், போன மாதம் எவ்வளவு இழுத்தாலும் வாயைத் திறக்கவில்லை. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை ஆஸ்டல் போனில் அழுதாள், ஆளுக்கு அஞ்சு நிமிஷம், அதில் நாலு நிமிஷம் அழுகை. "நா வந்துர்றேம்மா. இங்க யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. புத்தர்னு கூப்புடறாங்க." எதற்கு புத்தர் என்று புரிய எனக்கு அந்த மிச்ச ஒரு நிமிஷமும் போய்விட்டது. இங்கே படிக்கிற ஹாலின் வாசலில் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்குமாம். சந்தேக நோட்டு. வாத்தியார்கள் வைத்தது இல்லை, முன்னால் படித்துவிட்டுப் போன அக்காமார்கள் ஆரம்பித்தது. புரியாததைப் பேர் போட்டு எழுத வேண்டும், தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுவார்கள், அதே சந்தேகம் இருப்பவர்கள் "எனக்கும்" என்று எழுதிப் பேர் போடுவார்கள். இங்கே ரேங்கைவிட அதுதான் பேச்சு, யார் என்ன கேட்டாள், யார் பதில் சொன்னாள் என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் சண்டையே நடக்குமாம். நாற்பது நாளாக இவள் பேருக்கு ஒரு வரி இல்லை. பிள்ளைகள் என்ன நினைக்கும். எல்லாம் தெரிந்தவள், நம்மோடு சேர மாட்டாள், திமிர். ஞானம் வந்தவர் வர்றாரு, தள்ளி உக்காருங்க. இவளுக்கோ பாடத்தில் பாதி புரியவில்லை, புரியவில்லை என்று எழுதினால் இவளை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஊரில் முதல் மார்க்குக்காரி, இங்கே எல்லாரும் அவரவர் ஊரில் முதல் மார்க்குக்காரி. இதையெல்லாம் பின்னால் வார்டனிடம் கேட்டுத்தான் கோத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போன புதன்கிழமை போனே வரவில்லை. சாயங்காலம் பூரா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன், சிக்னலுக்காக ரெண்டு தடவை மாடிக்குப் போனேன். மறுநாள்தான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தது.

இன்னொரு பேன், வகிட்டோரம், டக். "மிது," என்றேன், அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வாய் திறந்தது, வெளியே வந்தது வேறு. "போன வாரம் ஏன் போன் பண்ணல?" தலை என் தொடையில் கொஞ்சம் அசைந்தது. "வரிசையில நிக்கோணும்னு மறந்துட்டேம்மா." மறந்துவிட்டாளாம். மாடி ஏறி இறங்கிய என் முழங்கால் இன்னும் வலிக்கிறது, இவள் மறந்துவிட்டாள். கோபம் வர வேண்டியது, பாதி வந்தது, வந்த பாதியும் நடுவழியில் சிரிப்பாகிவிட்டது, ஏனென்றால் அழுதுகொண்டிருக்கிற பிள்ளை அம்மாவின் போனை மறக்காது. "மறக்கற அளவுக்கு என்ன வேலை?" "நோட்டுல எழுதினேன்." சீப்பு நின்றுவிட்டது, நானாகவே நகர்த்தினேன், நின்றது தெரிந்தால் சொல்வதை நிறுத்திவிடுவாள். "என்ன எழுதுன?" "கெமிஸ்ட்ரில மோல்னு ஒண்ணு வரும்மா. ஒன்பதாவதுல இருந்து வருது. கணக்குப் போட்டா விடை வந்துரும், ஆனா அது எடையா எண்ணிக்கையான்னே எனக்குத் தெரியாது. யாருகிட்டயும் கேட்டதில்ல. எப்படியும் ஊருக்குத்தான் போறோம், எழுதிட்டே போலாம்னு எழுதிட்டேன். எழுதிட்டுப் பாத்ரூம்ல போய் நின்னுக்கிட்டேன்." பாத்ரூமில் நின்றுகொண்டாள். பெஞ்சு ஓரம் நின்ற அந்த எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது, அதே கால்தானே இவளுக்கும். "அப்புறம்?" "வந்து பாத்தா கீழ எனக்கும், எனக்கும்னு இருக்குதும்மா. பதினோரு பேரு. மொத பேரே வெண்ணிலா." வெண்ணிலா. புத்தர் என்று பேர் வைத்தவள். இங்கே பரீட்சையில் முதலாவதாக வந்தவள். பத்து நாளாக, முட்டை பொறுக்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும், அந்தப் பெண்ணிடம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், ஏம்புள்ள, உன்னைப் பெத்தவ உனக்கு இதையா சொல்லிக்குடுத்தா என்று. "அவளுக்கும் தெரியாதா?" "யாருக்கும் தெரியாதும்மா, எல்லாரும் பெரிய பெரிய சந்தேகமாத்தான் எழுதுவாங்க. பாதிப் பேருக்கு பதில் தெரிஞ்சே எழுதுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முதுகு குலுங்கியது என் முழங்காலுக்குத் தெரிந்தது.

உண்மைதானா. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளா. தலையாட்டச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே, இந்தச் சிரிப்பும் ஒரு தலையாட்டலாக இருந்தால் என்ன செய்வேன். முகத்தைப் பார்க்கலாம், தாடையைப் பிடித்துத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. வாரிக்கொண்டே கேட்டேன், "கடைசில எடையாம் எண்ணிக்கையாம்?" "எண்ணிக்கைதான். ஆனா எடையில சொல்றாங்க, அங்கதான் கொழம்புது. ஒரு மோல்னா எல்லாத்துலயும் அதே எண்ணிக்கை, எடை மட்டும் வேற வேற." "அட்டை மாதிரியா?" என்றேன், யோசிக்காமல் வந்தது. "எந்த அட்டை?" "முட்டை அட்டைதான். ஒரு அட்டைன்னா முப்பது. சின்னக் கோழி போட்ட முட்டையா இருந்தாலும் முப்பது, பெரிய முட்டையா இருந்தாலும் முப்பது. தராசுல வெச்சாத்தான் வேற வேற. எங்களுக்கு எண்ண நேரமிருக்காது, எந்தச் செட்டுக் கோழியோட முட்டைன்னு தெரிஞ்சா எடைய வெச்சே இத்தன அட்டைன்னு சொல்லிப்போடுவோம்." மடியிலிருந்து தலை போய்விட்டது. திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள், ஒரு பக்கம் முடி முகத்தில் விழுந்து, மூக்குமேல் எண்ணெய். "திரும்பச் சொல்லு." திரும்பச் சொன்னேன். "சின்ன முட்டை ஐட்ரஜன்," என்று தனக்குள் முணுமுணுக்கிறாள், "பெரிய முட்டை... ம்மா, இத நோட்டுல எழுதட்டா?" "எழுதேன்." "பேர் போடோணும். யார் சொன்னாங்களோ அவங்க பேரு." "நீயே உம்பேரப் போட்டுக்க, எனக்கெதுக்கு." "அதெல்லாம் முடியாது, ரூல்ஸு." முகத்தைப் பார்த்துவிட்டேன். அழுத கண் இல்லை. இது தலையாட்டுகிற முகமும் இல்லை, அந்த முகம் எனக்குத் தெரியும், நான்தானே செய்துகொடுத்தேன். வந்திருந்த பயத்தில் முக்கால்வாசி அப்போதே இறங்கிப் போய்விட்டது, கால்வாசி மட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது, நோட்டு ஒன்று, ஊருக்கு வருகிறேன் என்று சொன்னது ஒன்று, ரெண்டும் வேறு வேறாகவும் இருக்கலாம், ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் போகலாம் என்கிற பிள்ளைகளும் உண்டு. மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. திருப்பி உட்காரவைத்து வகிடெடுத்து வலது சடையைப் பின்னுகிறேன், மூன்று கால், ஒன்றன்மேல் ஒன்று, இறுக்கமாக, மடித்துக் கட்டி ரிப்பன். இடது சடை. மெதுவாகப் பின்னுகிறேன், முடிந்துவிட்டால் கேட்டாக வேண்டும்.

"அடியே மோலு, உங்கம்மா கொண்டாந்த கச்சாயத்த நீயே தின்னு முடிச்சிட்டியா?" குரல் முதலில் வந்தது, ஆள் பின்னால் வந்தது, ஒல்லியாக, உயரமாக, அவிழ்த்த முடியும் ஒரு கையில் பிஸ்கட் பாக்கெட்டுமாக. "இவதாம்மா வெண்ணிலா." நான் நினைத்து வைத்திருந்த வெண்ணிலா குண்டாக, வெளுப்பாக, கண்ணாடி போட்டிருந்தாள். இவள் வெயிலில் வளர்ந்த பிள்ளை, பாதத்தில் வெடிப்பு. பத்து நாள் சண்டையும் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். "நீதான் எம்புள்ளைக்கு புத்தர்னு பேர் வெச்சவளா?" என்றேன். ஓடுவாள் என்று பார்த்தால் நின்றாள். "ஆமாங்க ஆன்ட்டி. பேசவே மாட்டா. திமிருன்னு நெனச்சோம்." "இப்ப?" "இப்ப வாயவே மூடறதில்லீங்க. கரண்டு போனா வராண்டாவுல ஒரே பாய்லதான் படுக்கறோம், தூங்க விட மாட்டேங்கறா." சொல்லிக்கொண்டே தலையைச் சொறிகிறாள், காதோரம், பின்னங்கழுத்து, உச்சி, அஞ்சு விரலும் போட்டு. நான் மிதுனாவின் உச்சந்தலையைப் பார்த்தேன், இவளைப் பார்த்தேன். "ஓ. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு." மிதுனா முதுகு குலுங்க, "நாந்தான் அவளுக்குக் குடுத்தேன்னு சொல்றாம்மா" என்கிறாள். "நீதான்டி குடுத்த." "உந்தலையப் பாரு, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி." "உங்கம்மா வரலையா கண்ணு?" என்று நான் கேட்டதும் ரெண்டு பேரும் நிறுத்தினார்கள். "கொல்லிமலைங்க. எறங்கி வந்து திரும்பி ஏறோணும்னா ஒரு நாள் போயிருது. இப்ப ஆடு வேற குட்டி போட்டிருக்குதுங்க. தீபாவளிக்குத்தான் பாக்கறது." சாதாரணமாகத்தான் சொன்னாள், பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தை மட்டும் நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். மிதுனா அந்த நேரம் பார்த்து எழுந்துகொண்டாள், இடது சடைக்கு இன்னும் ரிப்பன்கூடக் கட்டவில்லை, அதை வாயில் கவ்விக்கொண்டு அவளே கட்டிக்கொள்கிறாள், சாக்கைத் தட்டிச் சரியாகப் போடுகிறாள். "உக்காருடி. அம்மா, இவளுக்கும் பாத்து விடு. இல்லேன்னா நாளைக்கே எனக்கு மறுபடி வந்துரும்."

நாளைக்கே. எனக்கு மறுபடி. கை துண்டை உதறிக்கொண்டிருந்தது, உதறிக்கொண்டே இருந்தது, உதற ஒன்றுமில்லாமல் போன பிறகும். நாளைக்கு இவள் எங்கே இருப்பாள் என்றுதானே பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், முட்டையிடம் கேட்டேன், பஸ் ஜன்னலிடம் கேட்டேன், இவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம் போலிருக்கிறது. பேன் சீப்பைத் துடைத்துக்கொண்டேன். வெண்ணிலா கூச்சமாக வந்து உட்கார்ந்தாள், முதுகை என் முழங்காலில் படாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் சாப்பிட உட்காருகிற மாதிரி. "சாஞ்சுக்க புள்ள, கடிச்சுப்போட மாட்டேன்." கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். வேறு கனம். புதுக் கனம், எனக்குப் பழக்கமில்லாதது. முதல் இழுப்பிலேயே துண்டில் ஏழெட்டு விழுந்தன, பக்கத்து அம்மா மறுபடியும் தள்ளி உட்கார்ந்தாள், இனி தள்ள இடமில்லை, சுவர். மிதுனா நான் அரிசிமாவும் வெல்லமும் கலந்து சுட்டுவந்த கச்சாயத்தில் பாதியை அவள் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தின்றுகொண்டே, அட்டைக் கணக்கை அவளுக்கு விளக்க ஆரம்பித்தாள், சின்ன முட்டை, பெரிய முட்டை, அவள் "இரு, இரு, அப்ப கார்பன்?" என்று தலையைத் திருப்ப, நான் பிடித்து நேராக வைக்க, மறுபடியும் திருப்ப. ஹெட்மாஸ்டருக்குப் போன் செய்து வேண்டாம் சார் என்று சொல்ல வேண்டும். பண்ணையில் என்ன சொல்வது, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அவர்கள் பன்னைத் தின்று முடித்துவிட்டார்கள், திருப்பியா கேட்கப் போகிறேன். "ம்மா," என்றாள் மிதுனா, வாய் நிறைய, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீ பன்னண்டே முக்கால் பஸ்ஸுக்குக் கெளம்பிக்க. எங்களுக்கு ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு." என்னைப் போகச் சொல்கிறாள் பாரு, பெத்தவளை, வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. "அந்த பஸ்ஸு போனாப் போகட்டும்," என்றேன், "இவ தலையில இன்னும் ஒரு பக்கம்கூட முடியல. நீ போய் இன்னொரு துண்டு எடுத்துட்டு வா."